உள்ளுடனும் அடுக்கும்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் கொழுக்கட்டைக்கும் மோதகத்துக்கும் உள்ளே வைக்கப்படும் பொருளை ‘உள்ளுடன்’ என்பர். வறுத்து அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலம் ஆகியன ஒன்றுசேர்ந்த அப்பொருளே பண்டத்தின் உயிர். மேலுள்ள மா அதனைத் தாங்கி நிற்கும் உடல். வீட்டிற் செய்யப்படும் அடுக்குக் கேக்கின் இடைகளில் வைக்கும் ஜாமுக்கும் பட்டர் ஐசிங்குக்கும் இப்பெயரையே வழங்குவதில் தவறில்லை. ஆயின் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கொழுக்கட்டையின் உள்ளுடன் மாவினால் மூடிக் காக்கப்படுவது. கேக்கின் உள்ளுடனோ மேல் அடுக்கைச் சுமந்து, கீழ் அடுக்குடன் அதனைப் பிணைத்து, வெட்டிய துண்டின் பக்கங்களில் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. சுவை தருதல் அதன் கடமைகளுள் ஒன்று மாத்திரமே.

கேக்கு என்பது நமக்கு அந்நியமான பண்டம் எனக் கூறிவிடுதல் எளிது. எனினும் நமது அடுக்களையின் சொற்களை நோக்குமிடத்து அக்கூற்று நெடுநேரம் நிலைப்பதில்லை. குசினி, பாண், போறணை ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் வழி வந்த சொற்கள். 1505இல் இத்தீவின் கரையை அடைந்து, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணத்தை இழந்தனர். ஆட்சி போயிற்று, போறணை நின்றது. இலங்கைப் பறங்கியரின் இல்லங்களிற் பேணப்பட்டு வந்த ‘போலோ ஃபொல்யாடோ’ என்னும் அடுக்குப் பண்டம் இவ்வரலாற்றின் சான்று. இலை இலையாக அமைந்த கேக்கு என்பது அப்பெயரின் பொருள். அதன் அடுக்குகளுக்கு இடையில் அரைத்த மரமுந்திரிகைப் பருப்பைச் சீனிப் பாகிற் காய்ச்சிப் பன்னீர் சேர்த்து வைப்பர். போர்த்துக்கல் நாட்டு இனிப்புகளிற் பெரிதும் பயிலும் வாதுமைப் பருப்பு இந்நாட்டில் விளைவதன்று. அதன் இடத்தை மரமுந்திரிகை பெற்றது எனக் கொள்ளுதல் பொருத்தமாகும். அம்மரமுந்திரிகைதானும் பிரேசில் மண்ணுக்கு உரியது. போர்த்துக்கேயரின் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்து, மட்டக்களப்பு மணலிலும் மன்னார் மணலிலும் வேரூன்றியது. அடுக்குகளின் முறை வெளியிலிருந்து வந்ததாயினும், இடையில் வைக்கும் பொருளில் மண்ணின் தன்மை முதலிற் புகுந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இன்று நாம் அறிந்த மென்மையான அடுக்குக் கேக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளைவு. 1843இல் இங்கிலாந்தில் அல்பிரட் பேர்ட் என்பவர் பேக்கிங் பவுடரை ஆக்கிய பின்னர், மாவை எழச்செய்யும் வேலை இலகுவாயிற்று. 1861இல் நூலாக வெளிவந்த திருமதி பீற்றனின் இல்லப் பராமரிப்பு நூலில், விக்ரோறியா மகாராணியின் பெயரால் வழங்கும், இடையில் ஜாம் பூசிய கேக்கின் செய்முறை உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் இவ்வழக்கம் இங்கும் பரவியது. நமது பிறந்தநாள் மேசைகளில் இடம்பெறும் றிபன் கேக்கு இவ்வகையைச் சார்ந்தது. மாவும் சீனியும் பட்டரும் சம நிறையாகச் சேர்ந்த கலவையை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, இளஞ்சிவப்பும் பச்சையுமாக நிறமூட்டி, வெவ்வேறு தட்டுகளில் வேகவைத்து, பட்டர் ஐசிங்கினால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவர்.

குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறை வெப்பநாட்டில் முதலிற் பிழைக்கும் இடம் இந்த ஒட்டும் இடமே. பட்டர் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகிவிடும்; அதற்கு முன்னரே இளகி வலுவிழக்கும். யாழ்ப்பாணத்திற் சித்திரை மாதத்துப் பகல் இந்த எல்லையைத் தொட்டு நிற்பது. ஆதலால் இங்கு கேக்குச் செய்யும் பெண், செய்முறை நூலில் எழுதப்படாத பலவற்றைத் தானே கற்றுக்கொள்கிறாள். அதிகாலையிலோ இரவிலோ அடுக்குகிறாள். பட்டருடன் மாஜரினைக் கலந்து உறுதி சேர்க்கிறாள். பாலும் முட்டையும் சேர்ந்த கஸ்ரட்டை வைத்தால் அன்றே பரிமாறிவிட வேண்டும் என்பதை அறிந்திருக்கிறாள்.

இப்பிரச்சினை நமக்கு மாத்திரம் உரியதன்று. குளிர்சாதனப் பெட்டி வீடுகளுக்கு வராத காலத்தில் ஐரோப்பியரும் இதனை எதிர்நோக்கினர். அங்கேரி நாட்டின் யோசெப் டொபொஸ் என்னும் இனிப்புக் கலைஞர் 1885இல் புடாபெஸ்ற் கண்காட்சியில் வைத்த கேக்கு புகழ்பெற்றமைக்கு அதன் உள்ளுடன் முக்கிய காரணம். கெட்டுப்போகும் பாலாடைக்கும் கஸ்ரட்டுக்கும் பதிலாக, சொக்கலேற் சேர்ந்த பட்டர்க் குழைவை மெல்லிய அடுக்குகளுக்கு இடையே அவர் பூசினார். மேலே உருக்கிய சீனியை இறுகிய தகடாக அமைத்தார். அதனாற் கேக்கு பல நாள் கெடாது நின்று வேறு நகரங்களுக்கும் பயணம் செய்தது. இரகசியமாகக் காத்த செய்முறையை 1906இல் அவர் தம் தொழிற் சங்கத்துக்கு அளித்தார். அவர் பெயரை உலகம் அறியும். அதே வினாவுக்கு நம் குசினிகளில் விடைகண்ட பெண்களின் பெயர்களை எவரும் எழுதிவைத்ததில்லை.

அவர்கள் கண்ட விடைகளோ விஞ்ஞானத்துக்கு முற்றிலும் இசைவானவை. சூடு ஆறாத கேக்கில் உள்ளுடன் வைக்கலாகாது. உள்ளிருந்து எழும் ஆவி ஐசிங்கை இளக்கி அடுக்கை நழுவச்செய்யும். எழுந்து குவிந்த மேற்பரப்பைக் கத்தியாற் சமப்படுத்த வேண்டும். இல்லையேல் பாரம் ஒரு பக்கம் சாயும். மேலடுக்கைக் கவிழ்த்து வைத்தால் அதன் தட்டையான அடிப்புறம் மேலே அமைந்து பூச்சுக்கு ஒழுங்கான தளமாகும். ஜாம் போன்ற இளகிய பொருளை வைக்குமுன், விளிம்பைச் சுற்றி ஐசிங்கினால் ஒரு வரம்பு கட்டுதல் வேண்டும். வயலில் நீரை மறிக்கும் வரம்பின் தொழிலையே இதுவும் செய்கிறது.

பழங்களை வைக்கும்போது அவதானம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஜாமில் உள்ள மிகுதியான சீனி நீரைத் தன்னுடன் பிணைத்து வைத்திருப்பதால் கேக்கு எளிதில் நனைவதில்லை. வெட்டிய பழத்தின்மேற் சீனி தூவினாலோ, பிரசாரணத்தினால் நீர் வெளிவந்து அடியடுக்கைக் கூழாக்கிவிடும். அன்னாசியைச் சீனியுடன் நீர் வற்றக் காய்ச்சி, ஆறவிட்டு வைப்பதே முறை. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் உள்ள நொதியங்கள் புரதத்தைச் சிதைப்பன; அவற்றைச் சேர்த்தால் ஜெலற்றின் இறுகாது. காய்ச்சும்போது அந்நொதியங்கள் செயலிழக்கின்றன. ‘பச்சையாய்ப் போட்டால் உறையாது’ என்று ஒரு தாய் கூறுவது, விஞ்ஞான பீடத்து மாணவன் ஆய்வுகூடத்திற் கற்கும் உண்மையே.

எல்லாவற்றிலும் கடினமானது அளவு. உள்ளுடன் மிகுந்தாற் சுவை மிகும் என்பது பொதுவான எண்ணம். ஐசிங்கைப் பூசும் மகள், “அம்மா, இன்னும் கொஞ்சம் பூசட்டோ?” என்று கேட்பாள். “காணும் பிள்ளை; மேலே கனம் கிடக்குது, வழுக்கிப்போடும்” என்பது தாயின் விடை. கேக்கின் அடுக்கைவிட உள்ளுடன் மெல்லியதாக இருத்தல் வேண்டும். கத்தி இறங்கும்போது அது பிதுங்கி வெளிவரலாகாது. எவ்வளவு போதும் என்பதைக் கரண்டிக் கணக்காற் கூற இயலாது. அன்றைய வெக்கை, ஐசிங்கின் இறுக்கம், கேக்கின் பருமன் ஆகிய மூன்றையும் ஒருங்கே மதிப்பிட்டுக் கை தீர்மானிக்கும் விடயம் அது.

பஞ்சம் வந்த காலங்களில் இந்த மதிப்பீடு மேலும் கூர்மையுற்றது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய 1970களின் முற்பகுதியில் சீனி பங்கீட்டுப் பொருளாயிருந்தது. பாணுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 1990களில் வடபகுதி பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்தபோது எரிபொருளும் மின்சாரமும் அரிதாயின. 2022இல் நாடு முழுவதும் சமையல் எரிவாயுவுக்கு வரிசை நீண்டது. ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்ட வேளையும் இருந்தது. இத்தகைய காலங்களிலும் பிள்ளைகளின் பிறந்தநாள்கள் தவறாது வந்தன. பட்டர் குறைந்தபோது ஐசிங் மெலிந்தது. அதுவும் இல்லாதபோது வீட்டிற் காய்ச்சிய ஜாம் போதுமாயிற்று. மூன்றடுக்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகவும் கூடும். உள்ளதைக் கொண்டு ஒட்டுவது எவ்வாறு என்ற அறிவு குறையவில்லை.

இன்று நகரங்களில் ஆயத்த ஐசிங்கும் கடைக் கேக்கும் எளிதிற் கிடைக்கின்றன. உழைப்பு மிகுந்த பெண்ணுக்கு அவை தரும் ஓய்வைக் குறைகூறுதல் நியாயமன்று. இவ்வறிவைப் பேணும் கடமை பெண்ணின் தலையில் மட்டும் சுமத்தற்கு உரியதுமன்று. ஆயினும் கடைப் பொருளுடன் செய்முறை மட்டுமே வருகிறது, மதிப்பீடு வருவதில்லை. அது கைப்பழக்கத்தில் மாத்திரம் வாழ்வது. ஒரு தலைமுறை கைவிட்டால் மறுதலைமுறை நூலிலிருந்து மீட்டெடுக்க இயலாதது. நாட்டார் பாடலையும் கூத்தையும் தேடித் தொகுக்க முனைந்த பல்கலைக்கழகச் சமூகம், தாய்மாரின் குசினிக்குள்ளும் குறிப்பேட்டுடன் நுழைய வேண்டிய காலம் இது. அங்கு கேட்டறிய வேண்டிய முதல் வினா மிக எளியது: இடையில் என்ன வைத்தீர்கள், ஏன் அவ்வளவு வைத்தீர்கள்?