ஒன்றுகளால் மட்டுமே ஆன எண்

170141183460469231731687303715884105727. இந்த 39 இலக்கங்களில் கண்ணுக்கு எந்த ஒழுங்கும் தட்டுப்படாது. இரும முறையில் எழுதினால் 127 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவே ஒரு சுழியம்கூட இல்லாமல். இரண்டின் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அவ்வளவுதான். இது பகா எண் என்று 1876-இல் பிரான்சின் எட்வார்ட் லூக்காஸ் கையால் கணக்கிட்டுக் காட்டினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் உலகுக்குத் தெரியாது.

வகுத்துப் பார்த்து இதை நிறுவ முடியாது. வகுத்தி ஏதும் இருந்தால் அது 254-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். அப்படிச் சலித்த பிறகும் பல நூறு கோடி கோடி எண்கள் மிஞ்சும். லூக்காஸ் வகுத்திகளைத் தேடவே இல்லை. 3-இல் தொடங்கு, வர்க்கம் எடு, 2-ஐக் கழி, நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள், மீண்டும் அதையே செய். 125-ஆம் படியில் சுழியம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

மாணவர்களிடம் இதை நான் 127-ஐ வைத்துத்தான் தொடங்குவேன். அது ஏழு ஒன்றுகள் கொண்ட எண், ஐந்தே படிகள். 3, 7, 47, 48, 16, 0. பதினாறின் வர்க்கத்தில் இரண்டு போக 254, அதாவது சரியாக இரண்டு 127. அந்தச் சுழியத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் என்னை இந்த எண்ணோடு கட்டிப்போட்டது, மீதி காணும் விதம். இங்கே வகுத்தல் என்ற வேலையே கிடையாது. 127 இடங்களைத் தாண்டி இடப்பக்கம் வழியும் ஒவ்வொரு ஒன்றும் வலப்பக்க முதல் இடத்துக்கே திரும்பி வருகிறது, ஏனென்றால் இரண்டின் 127-ஆம் அடுக்கு இங்கே ஒன்றுக்குச் சமம். ஆகவே லூக்காஸுக்குப் பக்கத்துக்கு 127 கட்டம் கொண்ட சதுரங்கப் பலகை போதுமானதாக இருந்தது: ஒன்றுக்கு ஒரு காய், சுழியத்துக்கு வெற்றுக் கட்டம். வர்க்கம் எடுக்கையில் ஒவ்வொரு வரிசையும் அதே எண்தான், ஓரிடம் சுழன்று; எண்ணில் சுழியம் உள்ள இடத்துக்கான வரிசை மட்டும் காலி. பிறகு பத்திபத்தியாகக் கூட்ட வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் ஏழுக்கு ஏழு வரைந்து 47-இன் வர்க்கத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஐந்து வரிசைகளில் காய் விழும்: 47, 94, 61, 122, 107. கூட்டினால் 431, மூன்று 127 போக 50, இரண்டைக் கழித்தால் 48.

பகு எண்ணிடமும் இந்தச் சோதனை அதே நேர்மையோடு நடந்துகொள்ளும். 2⁶⁷−1 பகு எண் என்றும் லூக்காஸே கண்டார். காரணிகள் கைக்கு வந்தது 1903-இல், ஃபிராங்க் நெல்சன் கோல் வழியாக: 193707721, 761838257287.

இன்னொரு அழகு: 2, 3, 7, 127, பிறகு நம் எண். ஒவ்வொன்றும் முந்தியதை அடுக்காகக் கொண்டு பிறந்தது. எல்லாமே பகா எண்கள். அடுத்ததும் அப்படியா என்று இன்றுவரை தெரியாது. லூக்காஸ் வழியில் போனால், நம் எண்ணைவிட இரண்டே குறைவான படிகள் நடந்தாக வேண்டும்.