பலகையில் இரண்டு கத்திகள்

இங்கிலாந்தில் பாற்கட்டிக்கும் ஒரு பருவம் உண்டு. கோடை முடிவில் கறந்த பாலை உறைய வைத்து, மூன்று மாதமளவில் பழுக்க விட்டால் நத்தார் விருந்துக்குச் சரியாக வந்து சேரும். ஸ்டில்டன் என்ற நீலப் பாற்கட்டி டிசம்பர் மேசைக்கு உரியதானது இப்படித்தான். டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நொட்டிங்ஹம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே அதைச் செய்யலாம் என்பது 1996 முதல் சட்டம். ஸ்டில்டன் என்ற கிராமமோ கேம்பிரிஜ்ஷயரில் இருக்கிறது. தம் ஊர்ப் பெயரைத் தாங்கிய பண்டத்தைத் தம் ஊரிலேயே செய்ய அந்தக் கிராமத்தாருக்கு உரிமை இல்லை. இந்த வேடிக்கையை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியர்.

லெஸ்டர் நகரில் எங்கள் தெருவார் டிசம்பரில் ஒரு மாலை ஒன்றுகூடுவோம். ஆங்கிலேயர், குஜராத்தி இந்துக்கள், குஜராத்தி முஸ்லிம்கள், இலங்கையர் என்று நாங்கள் ஒரேயொரு குடும்பம். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாற்கட்டிப் பலகை அந்த ஆசிரியரின் பொறுப்பு. ஒரு வசந்த காலத்தில் அவர் காலமானார். குளிர் தொடங்கியதும் அவருடைய மனைவி பலகையையும் கத்தியையும் கொண்டு வந்து என் கையில் தந்தார். "இம்முறை நீங்கள் செய்யுங்கள். அவருடைய ஸ்டில்டனை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார்.

பல வருடங்கள் ஆசிரியரோடு நின்று பழங்களை அடுக்கியதில் அவருடைய கணக்குகள் எனக்குப் பாடம். மென்மையானது ஒன்று, கடினமானது ஒன்று, நீலம் ஒன்று, ஆட்டுப்பாலில் ஒன்று. ஆளுக்கு 100 கிராம், 20 பேருக்கு 2 கிலோ. பத்து வகை வைப்பது கடைக்காரனுக்குத்தான் இலாபம். பரிமாறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும், குளிரில் மணமும் சுவையும் உறங்கிக் கிடக்கும். முக்கோணத் துண்டின் கூர் நுனியை யாரும் வெட்டி எடுக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரம் வரை நீளவாக்கில் சீவினால்தான் எல்லோருக்கும் சமபங்கு. சஹனில் தன் பக்கத்திலிருந்து உண்ணப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சிக்கல் ரென்னட்டில் இருந்தது. பாலைத் திரைய வைக்கும் இந்தப் பொருளை வழமையாகப் பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். தபூக்கில் நபி (ஸல்) அவர்கள் பாற்கட்டியைக் கத்தியால் வெட்டியதாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. ஆனால் முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரென்னட் விடயத்தில் இமாம்கள் வேறுபடுகிறார்கள். இமாம் அபூஹனீபாவிடம் அதற்கு இடமுண்டு. ஷாபிஈகளான நமக்கு இல்லை. ஆகவே குஜராத்தி முஸ்லிம் அயலவர் தயங்காமல் எடுக்கும் துண்டை, பக்கத்தில் நிற்கும் நான் எடுப்பதில்லை. இந்து அயலவருக்கோ கன்று என்ற சொல்லே போதும்.

எங்களைக் காப்பாற்றியவர்கள் மரக்கறி உணவுக்காரர்கள். பூஞ்சணத்திலிருந்து எடுக்கும் ரென்னட் உண்டு. கன்றின் நொதியத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் முறைக்கும் 1990இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்குள்ள பாற்கட்டிகளில் பெரும்பகுதி இன்று மரக்கறி அடையாளத்தோடுதான் வருகிறது. செடார், அனாட்டோ விதைச் சாயத்தால் செம்மஞ்சளாகும் ரெட் லெஸ்டர், ஆட்டுப்பால் பாற்கட்டி, மென்மைக்கு ஒரு பிறீ எல்லாம் ஒரே மணித்தியாலத்தில் கிடைத்துவிட்டன. ஆசிரியர் விரும்பிய ஸ்டில்டனில் மட்டும் கன்று ரென்னட்.

"மரக்கறி ரென்னட்டில் செய்த ஸ்டில்டனும் இருக்கிறதே. உறையைக் கழற்றி அதையே வையுங்கள், யாருக்குத் தெரியும்?" என்றார் என் கணவர்.

முதல் துண்டிலேயே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் போனாலும் எனக்குச் சம்மதமில்லை. இறந்தவரின் விருப்பத்தை அவருடைய மனைவிக்கே தெரியாமல் மாற்ற நான் யார்?

இரண்டையும் வாங்கினேன். மரக்கறி ஸ்டில்டன் மற்றவற்றோடு பலகையில். ஆசிரியருடையது ஒரு கல் தட்டில், தனிக் கத்தியோடு. இரண்டுக்கும் முன்னால் பெயரும் ரென்னட்டும் எழுதிய சிறு அட்டைகள். "பரீட்சை மண்டபம் மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் சிரித்தார். எனக்கும் அது உவப்பாக இல்லை. ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி அமரும் கல்யாண வீடுகளில் வளர்ந்தவள் நான். ஒரே மேசையில் எல்லோரையும் உட்கார வைக்கத் தட்டைப் பிரிக்க வேண்டி வரும் என்று அங்கே யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பேரிக்காய், செலரித் தண்டு, ஓட்ஸ் பிஸ்கட்டுகள், வாதுமை என்று சுற்றிலும் அடுக்கினேன். போர்ட் வைன் கலந்த சட்னிக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம். உப்புக் கூடிய நீலத்துக்கு அந்த இனிப்பு நன்றாகப் பொருந்துகிறது, ஆசிரியர் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமி பலகையைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன புள்ள, பூஞ்சணம் புடிச்சதயா ஆக்களுக்கு வெக்கிற?"

ஆசிரியரின் மனைவி என்னவென்று கேட்க மொழிபெயர்த்தேன். அவர் கல் தட்டுப் பக்கம் போகாமல் முதலில் பலகைக் கத்தியை எடுத்தார். பேரிக்காய்த் துண்டொன்றில் நீலத்தின் பொடியளவை வைத்து மாமியிடம் நீட்டினார். மாமி என் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தேன். பிஸ்மி சொல்லி வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். பிறகு, "பிளேன்டீ ஒண்டு கிடைக்குமா?" என்றார்.

கல் தட்டில் கால்வாசி மிஞ்சியது. அந்த அம்மா அதை மெழுகுத் தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றார். மறுநாள் புரோக்கலி சூப்பில் போடுவாராம்.