குடிக்கணும், வடியணும், காஞ்சிருக்கணும்

தமிழ்நாட்டில் எந்தப் பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் போனாலும் சுவரில் 'மூலம், பவுத்திரம்' என்று ஒரு நோட்டீஸ் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்த நாளிலிருந்து நாம் பார்த்துவரும் சொற்கள். பவுத்திரம் என்றால் உடம்பில் இருக்கக் கூடாத இடத்தில் விழுந்துவிட்ட ஒரு வழி. மருத்துவத்தில் ஃபிஸ்டுலா. அதே ஃபிஸ்டுலா ஒரு பெண்ணின் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவில் விழுந்தால் அதற்கு எங்கள் பக்கத்தில் சொல்லே கிடையாது. டாக்டர்கள் 'வி.வி.எஃப்.' என்கிறார்கள். பெண்கள் 'ஒழுகுது' என்கிறார்கள். அதையும் எல்லோரிடமும் சொல்வதில்லை.

என் சித்தி 4 வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு 41 வயதில், கட்டி இருக்கிறது என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் வாக்கில் விடிகாலையில் பாய் நனைந்திருந்தது. மறுநாளும். பிறகு பகலிலும். அடக்க முடியவில்லை என்பதுகூடச் சரியில்லை, அடக்குவதற்கு முன்னால் வர வேண்டிய அந்த முட்டலே வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "கர்ப்பப்பை எடுத்தா கொஞ்ச நாள் அப்படித்தான்மா இருக்கும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்களாம். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று சித்தி கேட்கவில்லை.

அதன் பிறகு அவள் வாழ்க்கை தண்ணீர்க் கணக்காக ஆனது. காலையில் அரை டம்ளர் காப்பி. மத்தியானச் சோற்றோடு ரெண்டு மடக்கு. பஸ் ஏற வேண்டிய நாளில் அதுவும் இல்லை. பழைய சேலைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து துணிகளாயின. வீட்டில் எந்நேரமும் ஊதுபத்தி எரிந்தது. கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட்டால் முட்டிவலி. சித்தப்பா தன் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டார். "உள்ள புழுக்கமா இருக்கு" என்றார். சித்தி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் வேறெதுவும் சொல்லவில்லை.

தண்ணீரைக் குறைத்தால் ஒழுகுவது குறையும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் சிறுநீர் கெட்டியாகும், நாற்றம் கூடும், பட்ட இடமெல்லாம் தோல் வெந்துபோகும், பைக்குள் கல் சேரவும் வாய்ப்புண்டு. சித்தியின் உள்தொடை இரண்டும் நெருப்பில் காட்டியதுபோல் இருந்தன. அதை நான் பார்த்தது வார்டில் அவளுக்குத் துணைக்கு இருந்தபோதுதான். சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீடு தேடி வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர், ஊதுபத்தி வாசனையைத் தாண்டி எதையோ உணர்ந்து, சுற்றிவளைக்காமல் "பாயி நனையுதாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குச் சித்தி உடைந்து அழுதாள். 2 மாதம் கழித்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவளுக்குப் படுக்கை கிடைத்தது.

*

உலகில் இந்த ஓட்டை பெரும்பாலும் பிரசவத்தால் வருகிறது. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி நாள்கணக்கில் நகராமல் நின்றுவிட்டால், நடுவில் மாட்டிக்கொண்ட சிறுநீர்ப்பைச் சதைக்கு ரத்தம் போகாது. சதை செத்து, சில நாட்களில் கழன்று விழும். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 பெண்களுக்குப் புதிதாக இது வருகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும். சரியான நேரத்தில் ஒரு சிசேரியன் நடந்தால் வராத நோய் இது.

தமிழ்நாட்டில் இன்று பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. அதனால் அந்த வகை இங்கே அரிதாகிவிட்டது. மிஞ்சியிருப்பது அறுவையால் வருவது. கர்ப்பப்பையை எடுக்கும்போது, அதோடு ஒட்டிக்கிடக்கும் சிறுநீர்ப்பையில் ஒரு கீறல் விழலாம், தையல் ஒன்று ஏறிவிடலாம். திறமையான கைகளிலும் நடக்கக்கூடியதுதான். நடந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. ஓட்டை சிறியதாக இருந்து, உடனே கண்டுபிடித்து, சிறுநீர் டியூபைப் போட்டுச் சில வாரம் விட்டுவைத்தால், சிலருக்கு அறுவையே இல்லாமல் மூடிக்கொள்வதுண்டு. சித்திக்கு அந்த வாய்ப்பு 'அப்படித்தான்மா இருக்கும்' என்ற ஒரு வாக்கியத்தில் போனது.

அறுவைக்கு முன்னால் டியூப் வழியாகப் பைக்குள் நீல மருந்தை ஏற்றினார்கள். உள்ளே வைத்திருந்த பஞ்சு நீலமாக வந்தது. 4 வருடமாகத் தன் மனசின் பலவீனம் என்று நினைத்திருந்த ஒன்றுக்கு நிறமும் இடமும் இருந்ததைச் சித்தி எட்டிப் பார்த்தாள். "அப்ப ஓட்டைதானா?" என்று கேட்டாள். அவள் குரலில் நிம்மதி இருந்தது.

*

அறுவை முடிய 2 மணி நேரம் ஆனது. அதன்பின் 14 நாட்கள். வார்டு சிஸ்டர் முதல் நாளே விரல் மடக்கிச் சொல்லிவிட்டார்: "மூணே விஷயம்தான்மா. குடிக்கணும், வடியணும், காஞ்சிருக்கணும்." உலகம் முழுக்க ஃபிஸ்டுலா வார்டுகளில் செவிலியர்களுக்குச் சொல்லித்தரும் பாடமும் இந்த மூன்றுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

தைத்த இடம் ஒட்டும்வரை பை நிரம்பவே கூடாது. நிரம்பினால் விரியும். விரிந்தால் தையல் இழுபடும். சித்திக்கு நான் விளக்கத் தொடங்கும் முன்பே அவள் எனக்கு விளக்கிவிட்டாள்: "கம்மாக்கரை உடைஞ்சா மண்ணப் போட்டு அடச்சிட்டு மடையத் தொறந்துவிடுவோம்ல தாயி? புது மண்ணுமேல தண்ணி நிக்கக்கூடாது. அதான்."

டியூப்தான் மடை. அது மடங்கக் கூடாது. தொடைக்கு அடியில் போகக் கூடாது. இழுபடாதபடி தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்க வேண்டும். மூத்திரப் பை எப்போதும் கட்டிலுக்குக் கீழே, நடக்கும்போதும் இடுப்புக்குக் கீழே. வெளிநாட்டு ஃபிஸ்டுலா மையங்கள் பலவற்றில் பையே மாட்டாமல் டியூபின் முனையைக் கட்டிலடியில் ஒரு பாத்திரத்தில் விட்டுவிடுவார்களாம். சொட்டுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். எங்கள் வார்டில் பைதான். மணிக்கொரு தரம் அளவைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். நேரம், குடித்தது, வடிந்தது, விரிப்பு காய்ந்திருக்கிறதா ஈரமா. 4 கட்டங்கள்.

மூன்றில் கடினம் எது என்று கேட்டால் வடிவது என்றுதான் நினைப்பீர்கள். சித்திக்குக் குடிப்பதுதான் கடினமாக இருந்தது. ஒரு நாளைக்கு 4, 5 லிட்டர். டியூபில் வருவது பச்சைத் தண்ணீர் நிறத்தில் இருக்க வேண்டும், மஞ்சளானால் இன்னும் குடிக்க வேண்டும். 4 வருடம் டம்ளரைப் பார்த்தாலே கணக்குப் போட்ட பெண். முதல் நாள் கால் டம்ளரில் நிறுத்தி, தன்னையறியாமல் விரிப்பைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் தடவினாள். குடித்தால் நனையும் என்று உடம்பு கற்றுக்கொண்டதைச் சிஸ்டரின் சொல்லால் அழிக்க முடியவில்லை. சித்தப்பா தினமும் சாயந்திரம் பாட்டிலில் இளநீர் கொண்டுவந்து வார்டு வாசலில் நிற்பார். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். "குடிச்சாளா?" என்று மட்டும் கேட்பார்.

*

சித்தியைக் குடிக்கவைத்தது பக்கத்துக் கட்டில் அக்கா.

அவர் மலைக்கிராமத்துக்காரர். முதல் பிரசவம் 2 நாள் இழுத்து, டோலி கட்டிக் கீழே இறக்கிக் கொண்டுவருவதற்குள் குழந்தை போய்விட்டது. இடுப்பில் நரம்பு அழுந்தியதால் இடது காலை இழுத்துத்தான் நடப்பார். இது அவருக்கு இரண்டாவது அறுவை. முதல் அறுவைக்குப் பிறகு ஒரு ராத்திரி டியூப் அடைத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை, தையல் பிரிந்துவிட்டது. முதல் அறுவையில்தான் மூடும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவையும் தழும்பு கூடும், வாய்ப்பு குறையும். இதை டாக்டரிடமிருந்து கேட்பதற்கு முன் அவரிடமிருந்துதான் கேட்டேன்.

"எக்கா, நான் ஒரு டம்ளர் குடிக்கேன், நீங்க ஒரு டம்ளர் குடிங்க" என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் போட்டி போட்டுக் குடித்தார்கள். விரிப்பு நனையவில்லை. மறுநாள் மத்தியானம் சித்தி தானாகவே ஒரு டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்தாள். குடித்துவிட்டு விரிப்பைத் தடவ மறந்துபோனாள்.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டரை மணி. நான் தரையில் அசந்துகொண்டிருந்தேன். என் கடைசிக் குறிப்பு எழுதி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா தன் கட்டிலிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்து சித்தியின் பையைக் குனிந்து பார்த்தார். "பாப்பா, எந்திரி. வடியல." நோட்டில் இருந்த அளவிலேயே நின்றிருந்தது. சித்தி அடிவயிறு கனக்கிறது என்றாள். நான் ஓடினேன். சிஸ்டர் வந்து சிரிஞ்சில் உப்புநீரை மெதுவாக ஏற்றி இழுத்தார். மிளகு அளவு ரத்தக்கட்டி ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் தேங்கியிருந்ததெல்லாம் சளசளவென்று இறங்கியது. சிஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அக்காவைப் பார்த்து, "உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார். "முழிப்பு வந்துருச்சு" என்றார் அக்கா. முதல் அறுவைக்குப் பிறகு அவருக்கு அந்த நேரத்தில் தினமும் முழிப்பு வந்துவிடுகிறதாம்.

*

இந்த அறுவையின் வரலாற்றைப் பின்னால் படித்தபோது அந்த அக்காவை அதில் பல இடங்களில் பார்த்தேன்.

இந்த ஓட்டையைத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தவராக நெடுங்காலம் கொண்டாடப்பட்டவர் மேரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை அமெரிக்காவின் அலபாமாவில், மான்ட்கோமரி நகரில், அடிமைப் பெண்களின் உடம்பில் அவர் அதைச் செய்து பார்த்தார். மயக்க மருந்து இல்லை. அவர்களில் 3 பேரின் பெயர் மட்டும் நமக்குத் தெரியும்: அனார்கா, லூசி, பெட்ஸி. லூசிக்கு அறுவை முடிந்ததும் சிறுநீர் வடிவதற்காக ஒரு கடற்பஞ்சைச் செருகி வைத்தார் சிம்ஸ். அது உள்ளே இறுகி, காய்ச்சல் கண்டு, லூசி சாகக் கிடந்தாள். வடிய வழி வேண்டும் என்ற பாடம் அவள் உடம்பில் கற்றது. பிறகுதான் அவர் வளைந்த வெள்ளிக் குழாயைச் செய்தார். அனார்காவுக்கு ஏறத்தாழ 30 அறுவைகள். நடுவில் உதவிக்கு இருந்த வெள்ளைக்கார மருத்துவர்கள் சலித்து விலகிவிட, அந்தப் பெண்களே ஒருவர் அறுவைக்கு ஒருவர் பிடித்துக்கொண்டு, உதவியாளர்களாக நின்றார்கள். இந்த அறுவையின் முதல் செவிலியர்களில் அவர்களும் உண்டு. அடிமைகளான அவர்களுக்கு மறுக்கும் உரிமை இருக்கவில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் நின்ற சிம்ஸின் சிலையை 2018இல் அகற்றினார்கள்.

எத்தியோப்பியாவில் கதை வேறு மாதிரி போனது. ஆஸ்திரேலியாவின் கேத்தரின் ஹாம்லினும் அவர் கணவர் ரெஜினால்டும் 1959இல் அடிஸ் அபாபாவுக்கு வந்தார்கள். பின்னர் ஃபிஸ்டுலாவுக்கு மட்டுமே ஒரு மருத்துவமனை கட்டினார்கள். 1962இல் அவர்களிடம் வந்த நோயாளிகளில் மமிட்டு காஷே ஒருவர். பள்ளிக்கூடம் பார்க்காத பெண், 4 நாள் பிரசவ வலியில் குழந்தையை இழந்தவர். குணமானவர் அங்கேயே தங்கினார். படுக்கை விரித்தார், நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டார், அறுவையில் கருவி எடுத்துக் கொடுத்தார், ஒரு கட்டத்தில் தானே அறுவை செய்தார். வெளியூரிலிருந்து கற்க வந்த டாக்டர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். குணமான பெண்கள் பலர் அந்த மருத்துவமனையில் செவிலிய உதவியாளர்களாக இருக்கிறார்கள். புதிதாக வருபவள் கதவருகே கூனிக் குறுகி நிற்கும்போது, எங்கே உட்காரலாம் என்று காட்டுகிறவளுக்கு அந்த நிற்பது தெரிந்திருக்கும். ஊர் திரும்பும் பெண்ணுக்கு அங்கே ஒரு புதுத்துணி கொடுத்து அனுப்புவது வழக்கம்.

எங்கள் வார்டில் அக்காவுக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அவராகச் செய்தார். சிஸ்டர்களையும் குறை சொல்ல மாட்டேன். இரவில் ஒரே சிஸ்டர், 30க்கு மேல் கட்டில்கள்.

எத்தனை நாள் டியூப் வைப்பது என்பதைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் 8 நாடுகளில் 524 பெண்களிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. பிரசவத்தால் வந்த எளிய ஓட்டைகளுக்கு 14 நாளுக்குப் பதில் 7 நாள் வைத்தாலும் பலன் குறையவில்லை. படிக்கும்போது எனக்கு எண்கள் தெரியவில்லை, 7 ராத்திரிகள் தெரிந்தன. ஒவ்வொரு ராத்திரிக்கும் விழித்திருந்து பார்க்க ஒருத்தி வேண்டும். சித்தியுடையது அந்த வகை இல்லை என்பதால் 14 நாளும் வைத்தார்கள்.

*

அக்காவின் டியூபை எங்களுக்கு 5 நாள் முன்பே எடுத்தார்கள். நீல மருந்துச் சோதனையில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. வார்டே சந்தோஷப்பட்டது. சாயந்திரம் எழுந்து நடந்தபோது கால் வழியே வழிந்தது. ஓட்டை மூடிவிட்டது, ஆனால் சிறுநீரை நிறுத்திப் பிடிக்கும் தசை பிரசவத்திலேயே சிதைந்திருந்தது. சிலருக்கு இப்படி ஆகும். பயிற்சி செய்து பார்க்கலாம், தேவைப்பட்டால் இன்னோர் அறுவை என்றார் டாக்டர். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்று இரவு இரண்டரைக்கு வந்து சித்தியின் பையைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுத்தார்.

சித்தியின் பஞ்சும் வெள்ளையாக வந்தது. டியூப் போனபின் மணிக்கொரு முறை போகச் சொன்னார்கள், பிறகு ஒன்றரை மணி, பிறகு 2 மணி. பையை மெதுவாகப் பழக்க வேண்டும். 3 மாதம் கனம் தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது. இரண்டாவதை டாக்டர் சித்தப்பாவைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கட்டில் திண்ணையிலேயே கிடந்தது. 3 மாதம் கழிந்தும் கிடந்தது. மழைக்காலம் வந்தபோது உள்ளே போயிற்று. அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

சித்தி இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறாள். ஒரு லிட்டர் பாட்டிலோடு போகிறாள். மர நிழலில் உட்காரும்போது, புதிதாகக் கர்ப்பப்பை எடுத்தவர்கள் யார் என்று விசாரித்துப் பக்கத்தில் போய் உட்காருவாளாம். குரலைத் தாழ்த்துவதில்லை. "பாயி நனையுதா?" என்று கேட்கிறாள். பெரும்பாலும் சிரிக்கிறார்கள், இல்லை என்கிறார்கள். போன மாதம் ஒருத்தி பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாளாம். மறுநாள் சித்தி அவள் வீட்டுக்குப் போனாள். போகும்போது பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.