கம்பம் டூ கப்பல்!

அறுபத்து மூன்று கிலோ நானூறு கிராம்!

கம்பத்தில் எங்கள் தெருமுனை ஏலக்காய் கடையின் எலக்ட்ரானிக் தராசு காட்டிய கணக்கு இது. ஏலக்காயை கிராம் கிராமாகப் பார்த்தே பழகிய தராசு, எங்க வீட்டு மூட்டைகளைப் பார்த்து நிஜமாவே மிரண்டுபோச்சு. “என்ன தம்பி, வீடு காலி பண்றீங்களா?” என்றார் கடைக்கார அண்ணன்.

வீடெல்லாம் காலி பண்ணலீங்ணா. அப்பத்தா சிங்கப்பூர் போறாங்க. துணைக்கு (அதாவது, பெட்டி தூக்க) நான்!

சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ‘ஆத்தாவை ஒரு தடவையாச்சும் பிளேன்ல ஏத்தணும், கப்பல்ல ஏத்தணும்’ என்பது அவரோட பல வருஷத்து ஆசை. திருச்சியில் இருந்து சிங்கப்பூருக்கு விமானம், அங்கிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூணு ராத்திரி கப்பல் பயணம், மறுபடி விமானம். எல்லாத்துக்கும் டிக்கெட் போட்டு அனுப்பிட்டார். செமஸ்டர் லீவு வேற. நமக்குக் கசக்குமா?

கசந்தது ஒண்ணே ஒண்ணுதான். எங்க டிக்கெட்டில் ஆளுக்கு 20 கிலோ. கையில் 7 கிலோ. ரெண்டு பேருக்கும் சேர்த்து பெட்டியில் போட 40 கிலோதான். நம்ம கையில் இருக்குறதோ 63.400!

பதினோரு பார்சல் படலம்

இத்தனைக்கும் அப்பத்தாவோட சொந்த லக்கேஜ் ஒரே ஒரு கட்டப்பை. நாலு சேலை, ஒரு போர்வை, விபூதிப் பை. அவ்வளவுதான். அப்புறம் எப்படி 63?

ஊர்! அப்பத்தா வெளிநாடு போற சேதி தெருவுக்குத் தெரிந்ததும் வாசலில் வரிசை கட்டிட்டாங்க. “எம்மகன் அங்கதேன் இருக்கான் பெரியாத்தா, இந்த ஊறுகாயை மட்டும் குடுத்துருங்க...” “எம்மருமவளுக்கு ரெண்டு லிட்டர் செக்கு நல்லெண்ணெய்...” இப்படியே பதினோரு பார்சல். சுருளிப்பட்டியில் இருந்து நாலு கிலோ பன்னீர் திராட்சையும் வந்து இறங்கியது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையேதான். கீழே வெச்சாலே கன்னிப்போகும் ஐட்டம். பெட்டிக்குள்ள போட்டா சிங்கப்பூரில் ஜூஸாத்தான் இறங்கும்!

‘இன்ஜினீயரிங் படிக்கிறோம்ல, பேக்கிங்கை நாம பார்த்துக்குவோம்’ என்று களத்தில் குதித்தேன். பெட்டிக்கு 3D படம் எல்லாம் போட்டேன் பாஸ். எப்படி அடுக்கினாலும் 63.400 அப்படியே நின்றது. அடுக்கினா இடம்தான் மிச்சமாகும், எடை குறையாது. இது புரிய எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. (அஞ்சு செமஸ்டர் முடிச்சவன்னு வெளியில சொல்லிடாதீங்க!)

வானத்தில் போன தேயிலை

கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லிட்டு வரலாம்னு குரங்கணியில் இருக்கும் சின்ன அப்பத்தா வீட்டுக்குப் போனோம். போடியில் இருந்து மலையைப் பார்த்து சுமார் 15 கிலோமீட்டர். அங்கே அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலை உச்சியில்தான் மூணாறு பக்கத்து ‘டாப் ஸ்டேஷன்’. அது ஏதோ பஸ் ஸ்டாண்டுனு இத்தனை நாளா நினைச்சிட்டு இருந்தேன். அது ஒரு ரோப்வேயின் மேல் ஸ்டேஷன்!

வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலையைக் கடலுக்குக் கொண்டுபோக இந்த வழியைத்தான் பிடிச்சிருக்காங்க. மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதை. 1908-ல் அதைச் சின்ன ரயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனில் இருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி வானத்திலேயே கீழே கொட்டகுடிக்கு இறங்கும். இறங்குற இடத்துக்குப் பேரு ‘பாட்டம் ஸ்டேஷன்’. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. அப்புறம் ரயில், துறைமுகம், கப்பல், இங்கிலாந்து! 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்தச் சின்ன ரயில் பாதையையே அடிச்சுட்டுப் போயிருச்சு.

யோசிச்சுப் பாருங்க... கொஞ்சம் வானத்துல, கொஞ்சம் கடல்ல. நம்ம டிக்கெட் மாதிரியேதானே இருக்கு?

அங்கேதான் பல்பு எரிஞ்சது. கப்பலில் ஆயிரம் பெட்டிக்கு இடம் இருக்கலாம். ஆனா, ரோப்வே கம்பி ஒரு நடைக்கு எவ்வளவு தாங்குமோ, அவ்வளவுதானே மேலே இருந்து இறங்கும்? மொத்தப் பயணத்துக்கும் எடையை முடிவு பண்றது பெரிய வண்டி இல்லை... இருக்கிறதிலேயே நோஞ்சான் வண்டி! எங்க கேஸில் நோஞ்சான், விமானம்.

இதை பெருமையா அப்பத்தாகிட்ட சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. சின்ன வயசுல கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்க. “இதுக்குப் படிப்பு வேணுமாக்கும்? சும்மாடு தாங்குறதைத்தேன்டா கட்டணும். மேடு ஏறுறப்ப மூச்சு வாங்கும்னு, கீழ கட்டுறப்பவே தெரிய வேணாமா?”

சும்மாடு தெரியும்ல? தலைச்சுமைக்கு அடியில் வைக்கிற துணிச்சுருணை. அஞ்சு செமஸ்டர் அம்பேல்!

பிரி... பார்... வை!

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா முதலில் கை வைத்தது பார்சல்களில். கொடுத்தவங்க எல்லாரையும் கூப்பிட்டு, அவங்க கண் முன்னாடியே ஒவ்வொண்ணா பிரிச்சாங்க. “பிரிக்காத பொட்டலம் ஒண்ணும் எங்கூட வராது தாயி. போற எடத்துல கேட்டா நாந்தேன பதில் சொல்லணும்?” ரெண்டு பேருக்கு முகம் சுண்டிருச்சு. அப்பத்தா அசரவே இல்லை. யோசிச்சா எவ்வளவு பெரிய விஷயம்! நம்ம பெட்டிக்குள் இருக்கும் எல்லாத்துக்கும் நாமதான் பொறுப்பு. சிங்கப்பூரில் போதைப்பொருள் கேஸுக்கு மரண தண்டனை வரைக்கும் இருக்கு. ‘பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்க சார்’ என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

ஒவ்வொரு வீட்டுப் பார்சலில் இருந்தும் ஒரு கைப்பிடி சாமான் மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. எண்ணெய் கட். திராட்சையை அன்னிக்கே தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வெச்சாச்சு. ஏலக்காய் மட்டும் ரெண்டு கிலோ முழுசா உள்ளே. எடை கம்மி, வாசனை ஜாஸ்தி, உடையாது, ஒழுகாது. லக்கேஜுக்குன்னே பிறந்த சரக்கு!

அடுத்து சித்தப்பா போன். “கப்பல்ல வீட்டுச் சாப்பாடு ஏத்த விடமாட்டாங்கடா. அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் கம்பி எதுவும் கூடாது.” அதனால் பெட்டிகளைப் பிரிச்சோம். ஒண்ணு சிங்கப்பூர் வீட்டோடு நின்றுவிடும். இன்னொண்ணு மட்டும் கப்பலுக்கு. அங்கே சொந்தக்காரங்க இல்லாதவங்க, முதல் நாள் தங்குற ஹோட்டலில் கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் வெச்சுக்குவாங்க.

மறுபடி அதே தராசு. 39.200. கடைக்கார அண்ணன் கை தட்டினார்!

உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று ஊர் ஊராகத் தாண்டி திருச்சி ஏர்போர்ட். எங்களுக்கு முன்னாடி நின்ற ஒருத்தர் ஒரே பெட்டியில் எல்லாத்தையும் திணிச்சு வந்து, கவுன்ட்டர் முன்னாடியே உட்கார்ந்து பிரிச்சுட்டு இருந்தார். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினா, காசு கட்டினாலும் பொதுவா ஏத்த மாட்டாங்க. அதைத் தூக்குறவங்களுக்கும் முதுகெலும்பு இருக்கே! கூடுதல் எடைக்கு கவுன்ட்டரில் கட்டுறதைவிட முன்கூட்டியே வாங்குறது மலிவு என்பதையும் அங்கேதான் கத்துக்கிட்டேன்.

“பெட்டியை நீங்களே பேக் பண்ணீங்களா பாட்டி?” - கவுன்ட்டர் பெண் கேட்டார்.

“நாந்தேன் தாயி. பூராத்தையும் பிரிச்சுப் பாத்துத்தேன் வெச்சேன்!”

நான் விட்ட கோட்டை

இதுவரைக்கும் எல்லாம் சுபம். சொதப்பினது சாட்சாத் நானேதான்.

அப்பத்தாவுக்கு சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின். விமானத்தில் சரியா கைப்பையில்தான் வெச்சிருந்தேன். பெட்டி போற அடி அறையில் குளிர் அதிகமானா இன்சுலின் உறைஞ்சு கெட்டுப்போகும். டாக்டர் சீட்டும் கூடவே இருந்தது. ஆனா கப்பல் ஏறுற அன்னிக்கு, ‘பிளேன் முடிஞ்சிருச்சே, இனிமே நம்ம ரூம்தானே’ என்று இன்சுலின் டப்பாவைப் பெரிய பெட்டிக்கு மாத்திட்டேன். கைப்பை லேசாகுமாம்!

கப்பல் துறையில் பெரிய பெட்டியை டேக் கட்டி வாங்கிக்கிட்டாங்க. நாங்க ஏறும்போது மணி பன்னிரண்டு. ரூமுக்குப் போனா பெட்டியைக் காணோம். “சாயங்காலம் வரும் சார்” என்றார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஒவ்வொண்ணா ரூம் வாசலுக்குக் கொண்டுவரணுமே. கப்பலில் அதுதான் வழக்கமாம். இறங்குறப்பவும் முதல் நாள் ராத்திரியே பெட்டியை வெளியே வெச்சுடணுமாம்.

மதியச் சாப்பாட்டு நேரம். அப்பத்தா பசிக்குதுன்னு உட்கார்ந்திருக்காங்க. எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டுது. கப்பல் டாக்டரைத் தேடி ஓடலாம்னு எழுந்தேன்.

“எங்கடா ஓடுற?” என்றபடி இடுப்பில் இருந்து சுருக்குப்பையை எடுத்தாங்க. வெத்தலை பாக்குக்கு நடுவே, சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு இன்சுலின் பேனா, ரெண்டு ஊசி!

“தோட்டத்துக்குப் போறப்ப சுமை தலையில இருக்கும்யா. வழியில எறக்கி வெப்போம், கைமாத்துவோம். கஞ்சிக்கலயம் மட்டும் எங்கையிலதேன் இருக்கும். உசுரு சாமானை அடுத்தவன் சுமையில வெக்கலாமா?”

ஊசி போட்டுட்டு, நிதானமா சாப்பிடக் கிளம்பிட்டாங்க.

ஆக நண்பர்களே, நீங்க எங்கே போனாலும் பேக் பண்றதுக்கு முன்னாடி எடையை மட்டும் பார்க்காதீங்க. எந்த நேரத்துல எந்தப் பெட்டி யார் கையில இருக்கும்னு ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. நம்ம கையை விட்டுப் போற பெட்டியில் போனால் போகட்டும்கிற ஐட்டம். நம்மகூடவே வர்ற பையில் மாத்திரை, பாஸ்போர்ட், பவர் பேங்க், ஒரு மாத்துத் துணி.

பேப்பர் இல்லையா? ஒரு சுருக்குப்பை வாங்கிக்கங்க பாஸ். நான் வாங்கிட்டேன்!