யாருக்காக எழுந்திருப்பது?

சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரம் முழங்கால் மட்டும் என்கிறது நம் பழமொழி. வாழத் துணிந்தவனுக்கு அது எவ்வளவு ஆழம் என்று எந்தப் பழமொழியும் சொல்லிவைக்கவில்லை. இலக்கியம் படிக்கிற நாமும் அப்படித்தான். சாவை நேருக்கு நேர் பார்த்த பாத்திரங்களை மெச்சுகிறோம். பார்த்துவிட்டு மறுநாள் காலையில் எழுந்து பல் துலக்கியவர்களை மறந்துவிடுகிறோம். வாழ்வதா, முடித்துக்கொள்வதா என்பதைவிடப் பெரிய தத்துவக் கேள்வி கிடையாது என்று ஆல்பெர் காம்யு 1942-ல் எழுதினார். கேள்வியில் குறை இல்லை. ஆனால் அவர் அதைத் தனியாள் ஒருவனிடம் கேட்கிறார். அவன் பதிலும் தனியாகவே வரவேண்டியிருக்கிறது. கொல்கத்தாவில் இருந்துகொண்டும் கொல்கத்தாவைச் சுற்றியும் எழுதியவர்களின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தென்படுகிறது. உயிரோடு இருப்பது ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கும் முடிவு அல்ல. வெளியே இருந்து யாராவது நம்மை உரிமையோடு கேட்க வேண்டும். அப்படிக் கேட்க ஆள் இல்லாதபோது வாழும் ஆசை மட்டும் இருந்து பயன் இல்லை.

இதற்கு முதல் சாட்சி காதம்பினி. தாகூர் 1892-ல் எழுதிய ‘ஜீபிதோ ஓ ம்ருதோ’ கதையின் விதவை. மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்து மழை இரவில் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். விறகு வரத் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் அவளுக்கு நினைவு திரும்பி, எழுந்து இருட்டில் போய்விடுகிறாள். வெறும் பாடையைப் பார்த்துப் பயந்த ஆட்கள், எரித்தாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். காதம்பினியை உண்மையில் கொன்றது நின்றுபோன மூச்சு அல்ல, இந்தப் பொய்தான். அதன்பின் ஊரின் கணக்கில் அவள் இல்லை. தோழி வீட்டில் தங்குகிறாள். அங்கேயும் பேயைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கே தான் உயிரோடு இருக்கிறோமா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. தாகூரின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. தான் வளர்த்த மைத்துனர் மகனைத் தொடும்போது மட்டுமே அவளுக்குத் தன் உடம்பு திரும்பக் கிடைக்கிறது. குழந்தை அவளைக் கண்டு பயப்படவில்லை, ‘காகிமா’ (சித்தி) என்று ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்கள் பிரித்துவிடுகிறார்கள். வெண்கலக் கிண்ணத்தால் நெற்றியில் அடித்துக்கொண்டு, வழியும் ரத்தத்தைக் காட்டி, பாருங்கள் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்கிறாள். யாரும் நம்பவில்லை. உள்கட்டுக் குளத்தில் போய் முடிகிறது அவள் வழக்கு. வாழ வேண்டும் என்ற ஆசைக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. அதை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் வேறு கைகளில் இருந்தது.

இதற்கு நேர் எதிரே நிற்பவன் அமல். ‘டாக்கர்’ (தபால் நிலையம்) நாடகத்தைத் தாகூர் 1911-ல் எழுதினார். அதற்கு முன்பே அவர் வீட்டில் சாவுக்குக் குறைவில்லை: 1884-ல் அண்ணி காதம்பரி, 1902-ல் மனைவி, அடுத்த ஆண்டு மகள் ரேணுகா, 1907-ல் கடைக்குட்டி சமீந்திரன். இவ்வளவுக்குப் பிறகு அவர் எழுதியது ஒப்பாரி அல்ல. வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் தடுத்துவிட்ட ஒரு பையன் சன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசும் நாடகம். தயிர்க்காரன் நின்று பேசுகிறான். அவன் கூவும் ராகத்தைத் தனக்குக் கற்றுத்தரச் சொல்கிறான் அமல். தயிர்க்காரன் போகும்போது, தயிர் விற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது என்ற முகத்தோடு போகிறான். மணி அடிக்கும் காவல்காரனிடம் காலம் எங்கே ஓடுகிறது என்று விசாரிக்கிறான் அமல். யாருக்கும் தெரியாத ஊருக்கு என்கிறான் காவல்காரன். அந்த ஊருக்கும் போகவேண்டும் என்கிறான் பையன். பூப்பறிக்கும் சுதா திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள், வரவும் செய்கிறாள். இதைச் சாவுக்கான தயாரிப்பு என்று படிப்பது வழக்கம். 1942 ஜூலை 18 அன்று வார்சா கெட்டோவில் தான் நடத்திவந்த அநாதை இல்லத்தில் யானுஷ் கோர்ச்சாக் இந்த நாடகத்தைக் குழந்தைகளை வைத்து நடத்தினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் அத்தனை பேரையும் நாஜிகள் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றிச் சென்றார்கள். சாவைச் சமாதானமாக ஏற்கப் பழக்கினார் என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் பாதிதான் சரியாகப் படுகிறது. நாடகத்தின் பெரும் பகுதியில் அமல் சாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. அடுத்து யார் வருவார்கள், அரசரின் கடிதம் எப்போது வரும் என்பதே அவன் கவலை. தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவரும் அவனிடம் ஏதோ ஒன்றை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். கடைசி நிமிஷம் வரை அவன் கை நிறைய வேலை இருக்கிறது.

காலக்கெடு தெரிந்துவிட்டால் மனிதன் என்ன செய்வான் என்ற கேள்வியைத் தாராசங்கர் பந்தோபாத்யாயவைப் போல நுணுகி ஆராய்ந்தவர் இந்திய மொழிகளில் குறைவு. வீர்பூம் மண்ணில் பிறந்து, கொல்கத்தாவில் வாழ்ந்து எழுதிய அவருடைய ‘ஆரோக்கிய நிகேதன்’ 1953-ல் வந்தது; சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. த.நா.குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பில் ‘ஆரோக்கிய நிகேதனம்’ ஆகத் தமிழ் வாசகர்களுக்கும் பழக்கம். ஜீவன் மஷாய் பரம்பரை நாடி வைத்தியர். மணிக்கட்டில் விரல் வைத்தால் நோய் மட்டுமல்ல, நாளும் தெரிந்துவிடும். தெரிந்ததை மறைக்க மாட்டார். கால் முறிந்த கிழவிக்குக் காலம் கிட்டிவிட்டது என்று அவர் சொல்லப்போக, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர் பிரத்யோத் கொதித்துப்போகிறார். நோயாளியின் முகத்தைப் பார்த்து நாள் குறிப்பது வைத்தியமா, கொடுமையா? நியாயமான கோபம். பெனிசிலின் வந்துவிட்ட காலம் அது. பழைய நாடி ‘முடிந்தது’ என்று சொன்ன இடத்தில் புதிய மருந்து ‘பொறு’ என்கிறது. இந்தச் சண்டையில் என் ஓட்டு பிரத்யோத்துக்குத்தான். ஆனால் மஷாய் எதற்காக நாள் சொல்கிறார் என்று பார்த்தால் விஷயம் வேறாகிறது. சாவுக்குத் தயாராக அல்ல, இருப்பவர்களோடு கணக்குத் தீர்க்கவே அந்தக் கெடு. கடனைக் கொடு, பாகத்தைப் பிரி, பேசாமல் விட்ட தம்பியைக் கூப்பிட்டுப் பேசு. தாந்து கோஷால் என்றொரு ஆள் வருகிறான். தின்பண்டம் என்றால் உயிரை விடுவான், கடைசியில் அதற்காகவே உயிரை விட இருக்கிறான். நாக்கை அடக்கு, பிழைத்துக்கொள்வாய் என்று மஷாய் எத்தனை முறை சொன்னாலும் அவனால் முடியவில்லை. அவனுக்கு நாள் சொல்லி என்ன பயன்? அந்த நாட்களைக் கொடுப்பதற்கு அவனிடம் ஆள் இல்லை. தன் நாக்கு ஒன்றுதான் சொந்தம். சொந்த மகன் வனவிஹாரியின் நாடியிலும் மஷாய் சாவைப் படித்துவிடுகிறார். அதை வாய்விட்டுச் சொன்னதற்காக மனைவி ஆதர் பௌ அவரைக் கடைசிவரை மன்னிப்பதில்லை. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாள் சொல்லத் தெரிந்தவருக்கு, கூடவே இருந்து அழத் தெரியவில்லை. நாவலின் முடிவில் தன் நாடியைத் தானே பார்த்துக்கொண்டு, பிங்கலகேசியான மரணதேவி வரும் ஓசைக்குக் காது கொடுத்துக் கிடக்கிறார் மஷாய். ஞானத்தின் உச்சம் என்று விமர்சகர்கள் அந்த இடத்தைப் புகழ்கிறார்கள். என் மனம் நிற்பது அந்தக் கட்டிலின் பக்கத்தில். அங்கே உட்கார்ந்திருப்பது பிரத்யோத். அத்தனை சண்டை போட்டவர்!

உடனே ஒருவர் கேட்கலாம்: கேட்க ஆள் இருந்தால் போதும் என்றால் தேவதாஸை எங்கே வைப்பது? சரத் சந்திரரின் நாவல் 1917-ல் புத்தகமானது. பார்வதி அவனைக் கேட்டாள். நள்ளிரவில் அவன் அறைக்கே வந்து கேட்டாள். கொல்கத்தாவில் சந்திரமுகி கேட்டாள். தொழிலை விட்டுவிட்டு வந்து கேட்டாள். தாய் இருந்தாள், சொத்து இருந்தது, விசுவாசமான வேலைக்காரன் தர்மதாஸ் இருந்தான். அப்படியும் அவன் குடித்தே போனான். உண்மைதான். கேட்பு என்பது இரு கை ஓசை. பதில் சொல்லவும் ஆள் வேண்டும். தேவதாஸ் வாழ்நாளில் காப்பாற்றிய வாக்கு ஒன்றே ஒன்று: சாவதற்கு முன் ஒரு தடவை உன் வீட்டு வாசலுக்கு வருவேன் என்று பார்வதிக்குச் சொன்னது. பாண்டுவாவில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் அலைக்கழிந்து, ஹாதிபோதாவில் அவள் வீட்டு வாசல் மரத்தடியில் விடிந்த பின் முடிந்துபோகிறான். உயிரோடு போய் நின்றிருக்க வேண்டிய வாசலில் பிணமாகப் போய் நிற்பதைக் காதல் என்று கொண்டாடும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. 1953-ல் வந்த படமும் கண்டசாலாவின் குரலும் அதற்கு மெருகேற்றின. பாட்டைக் குறை சொல்லவில்லை. அது கேட்கக் கேட்க அலுக்காதது. ஆனால் தேவதாஸ் சாவைத் துணிந்து எதிர்கொண்டவன் அல்ல. பதில் சொல்லத் தட்டிக்கழித்தவன்.

அபு இன்னும் சிக்கலானவன், அவனைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. சத்யஜித் ராயின் ‘அபூர் சன்சார்’ (1959) படத்தில், பிரசவத்தில் மனைவி அபர்ணா இறந்த பின் அபு தண்டவாளத்தின் அருகே போய் நிற்கிறான். ரயில் வருகிறது, அலறல் கேட்கிறது, அடிபட்டது ஒரு பன்றி. எந்தத் தத்துவமும் அவனைக் காப்பாற்றவில்லை. ஆனால் அன்று சாகாததை வாழ்வு என்றும் சொல்ல முடியாது. அவன் ஊர் ஊராகத் திரிகிறான், எழுதிய நாவலை மலைமேலிருந்து காற்றில் விடுகிறான். பல வருஷம் கழித்து, அவனை அப்பா என்று ஏற்க மறுக்கும் காஜல், நண்பன் என்றால் வருகிறேன் என்று கூடக் கிளம்பும்போதுதான் அபு திரும்ப உயிர்பெறுகிறான். என் வாதத்துக்கு இதைவிட வசதியான காட்சி கிடையாது. வசதியாக இருப்பதாலேயே எச்சரிக்கை தேவைப்படுகிறது. விபூதிபூஷணின் மூல நாவலான ‘அபராஜிதோ’வில் அபு மகனை நிச்சிந்திபுரத்தில் ராணு அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு மறுபடியும் பயணம் கிளம்பிவிடுகிறான். விபூதிபூஷணுக்குக் குடும்பத்தைவிடப் பாதை பெரிது. சிலரைக் கூப்பிடுவது மனிதக் குரலாகவே இருக்க வேண்டியதில்லை, ஆறும் காடும் கூப்பிட்டாலும் போதும் என்று அவர் நம்பினார். இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

ஏற்க முடியாமல் தொந்தரவு செய்வது ஜீவனானந்த தாஸின் கவிதை. 1944-ல் வந்த ‘மகாபிருதிவி’ தொகுப்பில் ‘எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள்’ என்று இருக்கிறது. ஓர் ஆள் ஒரு வசந்த இரவில் கயிற்றோடு எழுந்து போய்விட்டான். இப்போது பிணவறையில் கிடக்கிறான். பக்கத்தில் மனைவி படுத்திருந்தாள், குழந்தையும் இருந்தது. காதலில் தோல்வி இல்லை, வறுமை இல்லை. அப்படியானால் ஏன்? கவிதை காரணம் சொல்வதில்லை. ரத்தத்துக்குள் விளையாடி அலுக்கவைக்கும் ஏதோ ஒரு வியப்பைச் சுட்டிவிட்டு, இருட்டில் எலி தேடும் கிழ ஆந்தையின் பக்கம் திரும்பிவிடுகிறது. என் கட்சியை இது ஒரே தட்டில் கவிழ்க்கிறது. அதைவிட முக்கியமாக, என் வாதத்துக்குள் ஒளிந்திருக்கும் ஓர் அநியாயத்தைக் காட்டுகிறது. கேட்க ஆள் இருந்தால் வாழ்ந்துவிடுவான் என்றால், போனவனின் மனைவி சரியாகக் கேட்கவில்லை என்று ஆகிவிடாதா? நம் ஊர்களில் எழவு வீட்டில் இந்தப் பேச்சு சாதாரணமாக நடக்கிறது. அது பொய், பாவமும்கூட. பாசம் அவசியம், அது போதுமானது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த இரவில் எழுந்து போனவனுக்கு வந்தது ஒரு நோயாக இருந்திருக்கலாம். இன்று மருந்தும் மருத்துவரும் உள்ள நோய். அங்கே மஷாயின் நாடி போதாது, பிரத்யோத் வேண்டும். ஜீவனானந்தர் 1954 அக்டோபர் 14 மாலை ராஷ்பிகாரி அவென்யூவில் டிராமில் அடிபட்டு, 22-ஆம் தேதி சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் இறந்தார். இந்தக் கவிதையை எடுத்துவைத்துக்கொண்டு, அதுவும் அவர் தேடிக்கொண்டதே என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கவிதை வாக்குமூலம் அல்ல.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கேட்க வேண்டிய ஆளே செத்துப்போனால்? மகாசுவேதா தேவியின் ‘ஹஜார் சுராஷிர் மா’ (1974) இதை எடுத்துக்கொள்கிறது. நக்சல்பாரிக் காலத்துக் கொல்கத்தா. காண்டாபுகூர் பிணவறையில் 1084-ஆம் எண் சடலம் சுஜாதாவின் மகன் வ்ரதி. செய்தி வந்ததும் அப்பா திவ்யநாத் பதறியது மகனுக்காக அல்ல, பெயர் பத்திரிகையில் வந்துவிடக் கூடாதே என்று. பிணவறை வாசலில் தன் கார் நிற்பதைக்கூட அவர் அனுமதிப்பதில்லை. நாவல் முழுதும் ஒரே நாளில் நடக்கிறது: வ்ரதியின் பிறந்தநாளும் நினைவுநாளுமான அன்று வீட்டில் மகளின் நிச்சயதார்த்தம். சுஜாதா அதை விட்டுவிட்டு, மகனோடு செத்த சோமுவின் தாயையும், மகன் நேசித்த நந்தினியையும் தேடிப் போகிறாள். அதுவரை அந்த வீட்டில் அவள் வாயில்லாமல் வாழ்ந்தவள். செத்த மகன் யார் என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்ட அந்த ஒரு நாளில்தான் அவள் பேசுகிறாள், கோபப்படுகிறாள், வீறிட்டு அலறுகிறாள். நம் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் பிரமநாயகம் பிள்ளை இறந்த மனைவியின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இரவில் ஒரு தாம்பத்தியத்தையே நினைத்துப் பார்க்கிறார். அவருக்கு நினைவே கடைசி எல்லை. சுஜாதாவுக்கு அது தொடக்கம். அவள் உடல் அன்று மாலையே சரிந்துவிடுகிறது என்பதால் இதை வெற்றிக் கதை என்று சொல்ல முடியாது. இருந்தாலும், இறந்தவனின் கேட்புக்கும் பதில் சொல்ல முடியும் என்பதற்கு இந்த நாவல் போதும்.

தேவதாஸைத் தமிழர்கள் 70 ஆண்டுகளாகத் தோளில் தூக்கி வைத்திருக்கிறோம். இனி இறக்கிவிடலாம் என்பது என் கட்சி. ‘ஆரோக்கிய நிகேதனம்’ பழைய பதிப்பாகக் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள். மரணதேவி வரும் கடைசிப் பக்கங்களுக்கு அவசரப்பட்டுத் தாவ வேண்டாம்; தாந்து கோஷால் சாப்பாட்டுக்கு அலையும் இடங்களையும், ஆதர் பௌ புருஷனைத் திட்டும் இடங்களையும் நிறுத்திப் படியுங்கள்.