பனியில் உறையும் பழம்

நயாகரா என்றதும் நம்மவர்க்கு நீர்வீழ்ச்சிதான் நினைவுக்கு வரும். ரொறன்ரோவில் உறவினரைப் பார்க்கச் செல்லும் எவரும் அதன்முன் நின்று படம்பிடிக்காமல் திரும்புவதில்லை. அங்கிருந்து சுமார் 20 கிலோமீற்றர் வடக்கே, ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்குமிடத்தில் உள்ள சிற்றூரை எட்டிப்பார்ப்போர் குறைவு. நயாகரா-ஒன்-த-லேக் என்பது அதன் பெயர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டெம்பர் மாதத்தில் என் பெறாமகன் அழைத்துச் சென்றான். "நீர்வீழ்ச்சியை முதலே பாத்திட்டியள் சித்தப்பா, இண்டைக்கு வேறை ஊர் காட்டுறன்" என்றான்.

வடிவான ஊர். தெருவெங்கும் பூந்தொட்டிகள், குதிரை வண்டிகள், பழைய பாணி வீடுகள். 1792-இல் ஆளுநர் சிம்கோ இதற்கு நியூவார்க் என்று பெயரிட்டு மேல்கனடாவின் முதல் தலைநகராக்கினார். 1813 டிசம்பர் 10-ஆம் நாள், பின்வாங்கிய அமெரிக்கப் படை ஊரையே எரித்து, மக்களைப் பனியில் நிறுத்திவிட்டுப் போயிற்று. இன்று நாம் காண்பது சாம்பலிலிருந்து மீளக் கட்டப்பட்ட ஊர். எரியுண்ட ஊர்களை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பத்திரிகைக்காரனாகிய என்னைக் கவர்ந்தது வேறொன்று. இன்றைய ஒன்ராறியோவின் முதற் பத்திரிகையான 'அப்பர் கனடா கசெற்' 1793 ஏப்ரலில் இங்கேதான் அச்சேறியது. அதற்கு ஒரு மாதம் முன்னர், அருகிலுள்ள குயின்ஸ்டனில் குளோயி கூலி என்ற கறுப்பின அடிமைப் பெண்ணை அவளின் எசமான் கயிற்றால் கட்டிப் படகிலேற்றி, ஆற்றுக்கு அப்பால் விற்றுவிட்டான். அவள் கதறிப் போராடியதைப் பீற்றர் மார்ட்டின் என்ற கறுப்பின முன்னாள் போர்வீரர் ஆளுநரிடம் முறையிட்டார். அவ்வாண்டு ஜூலையில் அடிமைமுறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதை அது தடுத்தது. ஏற்கெனவே இருந்தவர்களை விடுவிக்கவில்லை. அடிமைகள் பற்றிய விளம்பரங்களும் அந்தப் பத்திரிகையில் வெளிவந்தன. குளோயி கூலி பிறகு என்னவானாள் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

இனி மதுவுக்கு வருவோம். ஊரைச் சுற்றி எங்கும் திராட்சைத் தோட்டங்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் முந்திரிகைக் கொடியைப் பந்தலில் படரவிடுவோம். இங்கோ கம்பிகளில் இழுத்துக்கட்டி வரிசை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அயற்கிராமமான வேர்ஜிலில் பழைய தேவாலயக் கட்டடமொன்றில் பியர் வடிப்போர் குடியேறிவிட்டனர்! ஆனால் ஊருக்குப் பெயர் தேடித்தந்தது பனிவைன்தான். பழத்தைப் பறிக்காமற் கொடியிலேயே விட்டுவைத்து, குளிர் மறை 8 பாகைக்குக் கீழே இறங்கியதும், பெரும்பாலும் நள்ளிரவில் பறித்து, உறைந்தபடியே பிழிகிறார்கள். நீர் பனிக்கட்டியாகத் தங்கிவிட, இனிப்பான சாறு சில துளிகளே வடியும். விலையும் அதற்கேற்ப. இவ்வூரின் இனிஸ்கிலின் நிறுவனத்தார் 1991-இல் பிரான்சின் வினெக்ஸ்போ கண்காட்சியில் உயரிய விருது பெற்றபின் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

மாலையில் தோட்டத்து ஒழுங்கைகளிற் பலர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தனர். மெக்சிக்கோவினரும் ஜமெய்க்காவினரும். கடையோரம் நின்ற ஜமெய்க்காக்காரர் ஒருவரிடம் இலங்கை என்றதும் "முரளிதரன்!" என்று சிரித்தார். கிரிக்கெற்றில் தொடங்கிய பேச்சு குடும்பத்துக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக வருகிறாராம். பிள்ளைகள் வளர்ந்ததைப் பெரும்பாலும் தொலைபேசியிலேயே கண்டாராம்.

பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966-இல் ஜமெய்க்காவுடன் தொடங்கியது. 1974-இல் மெக்சிக்கோவும் சேர்ந்தது. ஆண்டுக்கு எட்டு மாதம் வரை வேலை. குடும்பத்தை அழைத்துவர முடியாது. நினைத்தவுடன் முதலாளியை மாற்றவும் இயலாது. டிசம்பர் 15-க்குள் நாடு திரும்பிவிட வேண்டும். அவர்கள் கத்தரித்து, இலை களைந்து வளர்த்த பழம் மார்கழி, தை மாதக் குளிரில் உறையும்போது அவர்கள் அங்கிருப்பதில்லை.

பத்திரிகைப் பணிக்காக மலையகத்துக்குப் பலமுறை சென்றவன் நான். விருந்தினர்க்குத் துரைமாரின் பங்களா, பறிப்பவர்க்கு லயம். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இரண்டும் ஒன்றென்று நான் வாதிடவில்லை. கனடாவுக்கு வருபவர் ஒப்பந்தத்துடன் வந்து, தம் ஊருக்குத் திரும்புகிறார். ஆயினும் நாட்டுக்குக் கைகள் வேண்டும், அக்கைகளுக்கு உரியவர் நிரந்தரமாகத் தங்க வேண்டாம் என்ற கணக்கை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம்.

பெறாமகன் சிறிய போத்தல் ஒன்று வாங்கித் தந்தான். பழத்தின் இனம், ஆண்டு, தோட்டத்தின் பெயர் ஆகியன அதில் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. நம்மூர்த் தேயிலைப் பெட்டியிலும் தோட்டத்தின் பெயர் இருக்கும். பறித்தவரின் பெயர் இராது.