மருந்தும் அளவும்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊரறியச் சொல்கிறோம். மனநோய் வந்தாலோ கதவைச் சாத்திக்கொள்கிறோம். நாங்களும் அவ்வாறு சாத்திக்கொண்டவர்கள்தாம். இன்று எங்கள் மகனின் இசைவோடு அக்கதவைச் சற்றே திறக்கிறோம். இதே சிலுவையைச் சுமக்கும் வேறொரு குடும்பத்திற்கு எங்கள் தவறு எச்சரிக்கையாக அமையட்டும்.

கல்லூரி இறுதியாண்டில் அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. அண்டை வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாக நம்பினான். உணவில் நஞ்சு கலந்திருப்பதாக எண்ணித் தட்டைத் தள்ளினான். முதலில் நவநாள், நேர்ச்சை என்று அலைந்தோம். பங்குத்தந்தைதான் எங்களை அழைத்து, "செபத்தை விடாதீர்கள், மருத்துவரையும் விடாதீர்கள். வீட்டுக்குப் போய்ச் சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தை வாசியுங்கள்" என்றார். மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடையாக மதிக்கச் சொல்லும் அப்பகுதியை அன்றிரவு வாசித்தோம். மறுவாரமே மனநல மருத்துவரிடம் சென்றோம்.

அவர் ரிஸ்பெரிடோன் மாத்திரையை நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் என்று தொடங்கி, பின்னர் 4 ஆக உயர்த்தினார். முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும் என்றும் சொன்னார். எங்களுக்கோ பொறுமை இல்லை. அளவு உயர்ந்த சில நாள்களில் அவன் வீட்டுக்குள் ஓயாமல் நடக்கத் தொடங்கினான். உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் நடப்பான். ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடியும்வரைகூட அமர இயலாமல் கோயில் முற்றத்தில் உலாவினான். நோய் முற்றுகிறது என்று நாங்களே முடிவு செய்தோம். மருத்துவரைக் கேளாமலே இரவில் மேலும் ஒரு 2 மில்லிகிராம் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தோம்.

சில நாள்களில் அவன் கை நடுங்கிற்று, நடை சுருங்கிற்று, முகம் மரப்பாவைபோல் அசைவற்றுப் போயிற்று. நற்கருணை வாங்க நீட்டிய கையும் நடுங்கியது கண்டு மனம் உடைந்தோம். ஒருநாள் அவன், "அப்பா, அம்மா, என்னை நம்புங்கள். உடம்புக்குள் ஏதோ துரத்துகிறது, உட்கார முடியவில்லை. இது அந்தக் குரல்கள் அல்ல, இந்த மாத்திரை" என்று அழுதான். நாங்கள் நம்பவில்லை. நோய்தான் அவ்வாறு பேசவைக்கிறது என்றோம். அதன்பின் அவன் எங்களுக்குத் தெரியாமல் மாத்திரைகளைத் துப்பிவிட்டான். இரண்டு மாதங்களில் குரல்கள் முன்னிலும் உரக்கத் திரும்பின. மூன்று வாரம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

நடந்ததை மறைக்காமல் மருத்துவரிடம் கூறினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் கண்ட அமைதியின்மைக்கு அகதீசியா என்று பெயர். அது மருந்தின் பக்கவிளைவு. அதை நோயென்று கருதி மருந்தைக் கூட்டினால் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்" என்றார். மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் வந்து சேரும் வாயில்களை இம்மருந்துகள் அடைக்கின்றன. ஏறத்தாழ 65 விழுக்காடு வாயில்கள் அடைபடும்போது பலருக்குக் குரல்கள் அடங்குகின்றன. 80 விழுக்காட்டைத் தாண்டினால் இறுக்கமும் நடுக்கமும் மிகுகின்றன. பயன் அதற்கேற்ப மிகுவதில்லை. இடையிலுள்ள சிறு வெளியைத்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தேடவேண்டும். 1952இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் மருந்தை மனநோயாளருக்குக் கொடுக்கத் தொடங்கிய நாள் முதலே மருத்துவ உலகம் இத்தேடலில் ஈடுபட்டிருக்கிறது.

பின்னர் மருந்து மாறியது. இரவில் ஒலான்சபின் 10 மில்லிகிராம். நடுக்கம் நீங்கிற்று, குரல்கள் தணிந்தன. ஆனால் பசி பெருகிற்று. ஆறு மாதங்களில் 11 கிலோ எடை கூடியது. இரத்தச் சர்க்கரையும் ஏறத் தொடங்கிற்று. காலையில் எழுவதே அவனுக்குப் போராட்டமாயிற்று. இம்முறை நாங்கள் எதையும் எங்கள் விருப்பப்படி செய்யவில்லை. ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்தோம். தூக்கம், எடை, நடுக்கம், குரல்கள் ஆகியவற்றை அவனே நாள்தோறும் எழுதினான். மருத்துவர் அதை வாசித்து, நோய் நிலைத்து அடங்கிய பின் 7.5 ஆகக் குறைத்தார். பல மாதங்களுக்குப் பின் 5 ஆகக் குறைத்துப் பார்த்தார். மூன்றாம் வாரத்தில் முணுமுணுப்பு மீண்டும் கேட்டது. அவனே அதைக் குறிப்பேட்டில் எழுதி எங்களிடம் காட்டினான். உடனே 7.5க்குத் திரும்பினோம். அதுவே இன்றளவும் அவனுக்கு உரிய அளவு. மாலையில் நடைப்பயிற்சி, தட்டில் சோறு குறைவு, குறித்த காலத்தில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இரத்தச் சோதனை என்று நாள்கள் செல்கின்றன. குரல்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. களைத்த நாள்களில் தொலைவில் கேட்கும் என்கிறான். ஆயினும் ஓர் அச்சகத்தில் அரைநாள் வேலை செய்கிறான். திருப்பலி முடியும்வரை எங்களருகே அமர்ந்திருக்கிறான்.

அன்று அவன் சொல்லை நம்பாததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் பயந்துவிட்டீர்கள், நானும்தான்" என்றான்.

அன்புள்ள பெற்றோரே, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாமறிந்த பழமொழி. அளவு குன்றினால் மருந்தும் மருந்தாகாது என்பதை நாங்கள் பட்டு அறிந்தோம். ஆதலால் நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், திடீரென நிறுத்தாதீர்கள். உடலில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் வெட்கமின்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். அனைத்திற்கும் மேலாக, உங்கள் பிள்ளை தன் உடலைப் பற்றிச் சொல்வதைச் செவிமடுங்கள். எம் குடும்பத்துக்குப் பொறுமையைக் கற்பித்த இறைவன் உங்களுக்கும் அதை அருள்வாராக.